ஒரு வாரத்தில் மூடிய கிடங்கும் ஒரு வருடம் காத்திருக்கும் மண்மேடும்

டொரொன்டோவில் இருக்கும் மாமா குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில், ஹகாத்தா ரயில் நிலையத்துக்கு முன்னால், பெரிய வீதி ஒன்று அப்படியே நிலத்துக்குள் இறங்குகிறது. ஒரு வாரத்தில் அதே இடத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. கீழே மாமாவின் கேள்வி: "எங்கட காலி வீதியில இப்பிடி ஒரு கிடங்கு விழுந்தா மூட எத்தினை வருஷம் செல்லும்?"

குழுவில் எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எனக்கு விட மனம் வரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் என் வீடு. எங்கள் ஒழுங்கைக்குக் காபட், அதாவது தார்க்கலவை மேலடுக்கு, போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை, குழாய் வேலைக்காக ஒரு பக்கத்தை நீளத்துக்கு வெட்டினார்கள். வெட்டி, குழாய் போட்டு, மூடி, மேலே தார் பூச இரண்டே நாள்தான் எடுத்தது. வேகத்தில் ஜப்பானுக்குக் குறைவில்லை. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலில் ஃபுகுவோகா. 2016 நவம்பர் 8 அதிகாலையில், கீழே சுரங்க ரயில் பாதைக்குத் தோண்டிக்கொண்டிருந்தபோது வீதி இடிந்தது. கிடங்கு ஏறத்தாழ 30 மீற்றர் நீளம், 15 மீற்றர் ஆழம். உள்ளே நிலத்தடி நீர் நிறைந்துவிட்டது. சாதாரண மண்ணைக் கொட்டியிருந்தால் அதை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும், நீருக்குள் அது முடியாது. நீரை இறைத்தால் பக்கச் சுவர்கள் மேலும் சரியும். ஆகவே சீமெந்து கலந்த, கூழ்போல ஓடும் மண் கலவையை லொறி லொறியாக நீருக்குள்ளேயே ஊற்றினார்கள். அது தானாகப் பரவி, தானாக இறுகும். ரோலர் தேவையில்லை. அறுந்துபோன கழிவுநீர், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் திருத்தி, 15ஆம் திகதி வீதியைத் திறந்தார்கள்.

வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. நவம்பர் 26 அதிகாலையில் அதே இடம் மீண்டும் இறங்கியது, அதிகபட்சம் 7 சென்ரிமீற்றர். சில மணித்தியாலங்கள் வீதியை மூடிச் சோதித்துவிட்டுத் திறந்தார்கள். ஜப்பானிய வேலையைக் குறைத்துச் சொல்ல இதைக் கொண்டுவரவில்லை. அவ்வளவு கவனமாகச் செய்த இடத்திலும் மண் தன் பங்குக்கு இறங்கிற்று என்பதுதான் விஷயம். மனிதன் கையில் ஒரு மணிக்கூடு இருக்கிறது, மண்ணுக்குள் வேறொரு மணிக்கூடு ஓடுகிறது. நாடுகளை ஒப்பிடும்போது நாம் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறோம்.

நம் கண்ணுக்குத் தெரியும் காபட் வீதியின் மேல்தோல்தான். அதற்குக் கீழே கருங்கல் அடுக்கு, அதற்கும் கீழே கிறவல், பிறகு இறுக்கிய மண், கடைசியில் அந்த ஊரின் இயற்கை நிலம். மேல்தோலைப் போடுவது எந்த நாட்டிலும் வேகமான வேலை. 2022 ஜூன் மாதம் இந்தியாவில் அமராவதிக்கும் அகோலாவுக்கும் இடையே 75 கிலோமீற்றர் தார்க்கலவையை 105 மணித்தியாலம் 33 நிமிடத்தில் போட்டு உலக சாதனை செய்தார்கள். பெரிய வேலைதான், அவ்வளவு கலவையும் லொறியும் ஆளும் தடங்காமல் வருவதற்கு எத்தனை திட்டமிடல் வேண்டும்! ஆனால் அது ஏற்கெனவே தயாராக இருந்த அடித்தளத்தின் மேல், ஒரு வாகன வரிசை அகலத்துக்குப் போட்ட மேலடுக்கு. அதை வைத்து ஒரு நாடு ஐந்து நாளில் 75 கிலோமீற்றர் நெடுஞ்சாலை கட்டுகிறது என்று சொன்னால், வீட்டுக்கு வெள்ளையடித்த நாளை வீடு கட்டிய நாளாகக் கணக்கெடுத்தது போலாகும்.

நேரத்தை விழுங்குவது அடியில் இருக்கும் நிலம். கொழும்பைச் சுற்றி அது மிகவும் மென்மையானது. களனி கங்கைப் பள்ளத்தாக்கு, முத்துராஜவெல, பெல்லன்வில, அத்திடிய என்று நகரத்தை வளைத்துக் கிடப்பது சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் புல்லும் செடியும் நீருக்குள் அரைகுறையாக மக்கி உருவான கறுப்பு மண்ணைப் பீட் என்பார்கள். அதன் எடையில் பெரும்பகுதி நீர்தான், கையில் எடுத்துப் பிழிந்தால் வடியும். அதன்மேல் வீதிக்கான மண்மேட்டை ஏற்றினால் ஈரப் பஞ்சின்மேல் செங்கல் வைத்ததுபோல் இறங்கும். பஞ்சு உடனே இறங்கிவிடும், இந்த மண்ணோ வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நீர் வெளியேற நுண்ணிய இடுக்குகளூடாக ஊர்ந்து வரவேண்டும், அதுதான் காரணம்.

இந்த ஊர்தலுக்கு எவ்வளவு காலம் என்பதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் கற்பித்துக்கொண்டு, எளிய கருவிகளை வைத்துக் களிமண்ணைப் பரிசோதித்தவர். 1925இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்துதான் நவீன மண் பொறியியல் தொடங்குகிறது. அவர் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எளிய உறவு: நீர் வெளியேறப் போகவேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

இதைத் திருப்பிப் போட்டால் வழி கிடைக்கிறது. ஆறு மீற்றர் ஆழத்துச் சேற்றில் அடியில் இருக்கும் நீர்த்துளி மேலே வர ஆறு மீற்றர் ஊரவேண்டும். ஒரு மீற்றர் இடைவெளியில் செங்குத்தாக, நீரை உள்வாங்கி மேலே விடும் தட்டையான வடிபட்டைகளை இயந்திரத்தால் குத்தி இறக்கிவிட்டால், அதே துளி அரை மீற்றர் பக்கவாட்டில் போனாலே போதும். தூரம் பன்னிரண்டில் ஒன்று, கணக்கின்படி நேரம் நூற்று நாற்பதில் ஒன்றுக்கும் கீழே. களத்தில் அவ்வளவு கிடைப்பதில்லை, பட்டையைக் குத்தும்போது சுற்றியுள்ள மண் குழம்பிவிடும். ஆனாலும் பல வருடக் காத்திருப்பு மாதங்களாகச் சுருங்கும். பிறகு வீதியின் எடையை விடக் கூடுதலாக மண்ணை மேலே குவித்துவிட்டு, எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்று அளந்துகொண்டே காத்திருப்பார்கள். இறக்கம் ஓய்ந்த பிறகுதான் மிகுதி மண்ணை அள்ளிவிட்டு மேல் அடுக்குகளைப் போடுவார்கள்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை கட்டிய காலத்தில் இந்தக் காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். வயலுக்கு நடுவே ஒரு மண்மேடு மாதக்கணக்கில் கிடக்கும், ஆளும் இல்லை, மண் தோண்டும் பெக்கோ இயந்திரமும் இல்லை. "வேலை நின்று போச்சு, காசைச் சாப்பிட்டுட்டாங்கள்" என்று சனம் கதைக்கும். தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, காணி எடுப்பது அதில் முக்கியமானது. ஆனால் அந்த மேடு சும்மா கிடந்த நேரத்தில்தான் அதன் அடியில் வீதி உருவாகிக்கொண்டிருந்தது. பீட் ஆழம் குறைந்த இடங்களில் அதைத் தோண்டி எடுத்துக் கல் நிரப்பினார்கள், சில இடங்களில் பாரமான இரும்புக் கட்டியை உயரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போட்டு நிலத்தை இறுக்கினார்கள். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்தது. இன்று நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது வயல்வெளிகளில் வண்டி குலுங்காமல் போகிறதே, அது அந்தக் காத்திருப்பின் பலன்.

காத்திருக்கத் தேவையில்லாத இடங்களும் உண்டு. நெதர்லாந்தில் 2016 மே மாதம் ஏ12 நெடுஞ்சாலைக்கு அடியில் 70 மீற்றர் நீளமான சுரங்கப் பெட்டியை ஒரே வார இறுதியில் செருகினார்கள். 3,600 தொன் கொங்கிறீற் அது. அதை வீதி ஓரத்திலேயே முன்கூட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். வெள்ளி இரவு வீதியை மூடி, தோண்டி, பெட்டியைத் தள்ளி உள்ளே வைத்து, திங்கள் காலைக்குள் திறந்துவிட்டார்கள். மாதக்கணக்கான வேலையில் மக்கள் அனுபவித்த தொல்லை ஒரு வார இறுதி மட்டுமே. ஒரு வேலை மொத்தமாக எத்தனை நாள் எடுத்தது என்பதையும், வீதி எத்தனை நாள் மூடியிருந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் நமக்கு வலிப்பது இரண்டாவதுதான்.

அந்த வலிக்கு விலை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லொஸ் ஏஞ்சலிஸ் நல்ல உதாரணம். 1994 ஜனவரி பூகம்பத்தில் சான்டா மொனிக்கா நெடுஞ்சாலையின் பாலங்கள் இடிந்தன. திருத்த 140 நாள் ஒப்பந்தம். ஒரு நாள் முந்தினால் 2 லட்சம் டொலர் கூடுதலாகத் தருவோம், பிந்தினால் ஏறத்தாழ அதே தொகையை வெட்டுவோம் என்றார்கள். இரவு பகலாக வேலை நடந்து 66 நாளில் முடிந்தது. லண்டனில் நெரிசலான வீதிகளைத் தோண்டுவோர் 2012 முதல் நாள் வாடகை கட்ட வேண்டியிருக்கிறது, ஆகக்கூடியது 2,500 பவுண். நெரிசல் இல்லாத நேரத்தில் தோண்டினால் வாடகை குறையும். இப்படி ஒரு முறை காலி வீதிக்கும் டுப்ளிகேஷன் வீதிக்கும் வரவேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

சரி, தரம்? இங்கே ஊருக்கு ஊர் எதிரி வேறு. குளிர் நாடுகளில் விரிசலுக்குள் போன நீர் பனியாகி, 9 சதவீதம் பருத்து, வீதியை உள்ளிருந்து பிளக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் லண்டனில் வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவில் மழை, கொழும்பில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. கீழ் அடுக்குக்குள் நீர் புகுந்துவிட்டால் ஒவ்வொரு ரயர் ஏறும்போதும் அது அழுத்தப்பட்டு, நுண்மண்ணை வாரிக்கொண்டு வெளியே பீச்சும். வெற்றிடம் உண்டாகும், மேல்தோல் உள்ளே விழும், வீதி குன்றும் குழியுமாகும். வடிகான் அடைத்திருந்தால் எவ்வளவு நல்ல காபட்டும் நிற்காது.

நீர் புகாமல் இருக்கக் காபட்டை நன்றாக இறுக்கவேண்டும். கலவை 150 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வரும், 80 பாகைக்குக் கிட்ட ஆறினால் ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. உள்ளே மிஞ்சும் காற்றிடம் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழி விடும். எங்கள் வெயில் இங்கே உதவி, கலவை மெதுவாக ஆறும். நெரிசலில் லொறி மாட்டிக்கொள்வதும் திடீர் மழையும்தான் கெடுப்பவை. நெரிசல் குறைவதால் நகரத்தில் இரவில் காபட் போடுவது பல வகையில் நல்லது.

அப்புறம் பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தில் லொறிகளை வட்டம் வட்டமாக ஓடவிட்டுச் செய்த பரிசோதனையில் கண்டது இது: ஒரு அச்சு வீதிக்குச் செய்யும் சேதம், ஏறத்தாழ பாரத்தின் நான்காம் வலுவில், அதாவது பாரம் × பாரம் × பாரம் × பாரம் என்ற அளவில் ஏறுகிறது. காரின் அச்சு 1 தொன், லொறியின் அச்சு 10 தொன் என்றால் சேதம் பத்தாயிரம் மடங்கு. அனுமதித்ததை விட ஐந்தில் ஒரு பங்கு கூட ஏற்றினாலே சேதம் இரண்டு மடங்கு. மணல் லொறிகளை நிறுத்தி எடை பார்ப்பதும் வீதி கட்டும் வேலைதான்.

இனி எங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன். வெட்டிய பள்ளம் ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழம். மண்ணை 15, 20 சென்ரிமீற்றர் அடுக்குகளாகப் போட்டு, அளவான ஈரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கவேண்டும். மேலிருந்து அழுத்தும் விசை அதற்குக் கீழே போதிய அளவு போகாது. அன்று நான் பார்த்தது, முழு மண்ணையும் ஒரே தடவையில் தள்ளி மேலே மட்டும் ரோலர் ஓட்டியதை. டோக்கியோவில் பெரிய வீதிகள் பலவற்றுக்கு அடியில் எல்லாக் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் பொதுவான சுரங்கம் உண்டு. 1923 பூகம்பத்துக்குப் பிறகு தொடங்கி, 1963இல் சட்டமாகவும் ஆக்கிய ஏற்பாடு. திருத்தக்காரர் உள்ளே இறங்கிப் போகிறார், வீதி அப்படியே இருக்கிறது. அது நமக்குச் செலவான காரியம். ஒரு வீதிக்குக் காபட் போட முன் எல்லாக் குழாய் வேலைகளையும் முடிப்பதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் வெளியே போனேன். வெட்டு ஓடிய இடம் முழுவதும் ஒடுங்கிய வாய்க்கால்போல் நீர் நின்றது. மகளின் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்: நடுவில் 4 சென்ரிமீற்றர். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன், ஃபுகுவோகாவின் அந்த 7 சென்ரிமீற்றரையும் சேர்த்து எழுதி. "அவங்கள் இறங்கின உடனே வீதியை மூடிப் பார்த்தாங்கள் மாமா. இங்க இன்னும் ஒருத்தரும் வந்து அளக்கேல்லை" என்றேன்.