சைகோட் என்பதற்கு நுகமே பொருத்தம்

இனப்பெருக்க உயிரியலும் வளர்ச்சி உயிரியலும் முதுநிலையில் படிக்க வருபவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொல் சைகோட். விந்தணுவும் சினைமுட்டையும் இணைந்து உண்டாகும் முதல் செல் அது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதன் பெயர் கருமுட்டை. சிக்கல் இங்கேதான். 'கருமுட்டை தானம்' என்று செய்தித்தாள் எழுதும்போது அது கருவுறாத முட்டையைச் சொல்கிறது. கருவுறுமுன்பும் பின்பும் ஒரே பெயர் என்றால், கருவுறுதலையே ஆராய்கிறவர் எதை வைத்து எழுதுவார்?

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சைகோட்டை நுகம் என்கின்றன. ஏரிலும் வண்டியிலும் இரண்டு மாடுகளின் கழுத்தில் வைத்துப் பூட்டுகிறோமே, அதே நுகம். கிரேக்க மூலத்தின் பொருளும் அதுதான்: சைகோன் என்றால் நுகம், சைகோட்டோஸ் என்றால் நுகத்தில் பூட்டப்பட்டது. வடமொழியின் யுகமும் யோகமும் அந்த வேரில் கிளைத்தவையே. நுகம் தமிழுக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றின் 102ஆம் பாடலில் நுகம் பழகாத இளம் எருதுகள் வருகின்றன.

வேர்ப்பொருள் ஒத்துப்போவதால் மட்டும் நான் இதை விரும்பவில்லை. மனித சைகோட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். சுமார் 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள உருண்டை. உள்ளே இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்: தாய்வழி உட்கரு ஒன்று, தந்தைவழி உட்கரு ஒன்று, ஒவ்வொன்றிலும் 23 குரோமோசோம்கள். இரண்டும் கலந்து ஒரே உட்கருவாவதில்லை. உறைகள் கரைகின்றன, குரோமோசோம்கள் நேரே முதல் செல் பிரிவுக்குப் போய்விடுகின்றன. சுண்டெலியில் அந்த முதல் பிரிவின்போது தாய்வழிக்கு ஒன்று, தந்தைவழிக்கு ஒன்று என குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் இரண்டு கதிர் அமைப்புகள் தனித்தனியே உருவாகி, பிறகே இணையாக வந்து சேர்கின்றன என்று 2018இல் தெரியவந்தது. இரண்டு மாடுகள், ஒரு பூட்டு! இதைவிடப் பொருந்தும் சொல்லைத் தேடிப் பிடிக்க முடியுமா?

கருமுட்டை என்ற பெயர் தாவரத்திலும் பாசியிலும் இன்னும் தடுமாறும். ஸ்பைரோகைரா என்ற இழைப்பாசியில் முட்டை என்று தனியே ஒன்றுமே இல்லை; பக்கத்து இழைகளின் இரண்டு செல்கள் குழாய் வழியே இணைகின்றன. அங்கும் நுகம் இடறாமல் நிற்கிறது, அதிலிருந்து சைகோஸ்போருக்கு நுகவித்தி என்ற சொல்லும் பிறக்கிறது.

கிளைச்சொற்கள் எளிதாக அமைவது இன்னொரு வசதி. ஒரே சைகோட் பிளந்து பிறந்தவர்கள் ஒருநுக இரட்டையர். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்றுப் பிறந்தவர்கள் இருநுக இரட்டையர். ஆய்வேட்டில் முதல் இடத்தில் மட்டும் 'சைகோட் எனப்படும் நுகம்' என்று எழுதிவிட்டு, பிறகு நுகம் என்றே தொடருங்கள். செல் இரண்டாகப் பிளந்ததும் அந்தப் பெயரை நிறுத்திவிட்டு முளையம் (வளரும் கரு) என்று எழுத வேண்டும்.