பெரியவர்களுக்கு அணில் ஆடு புத்தகம் எதற்கு?

வயதுவந்தோர் எழுத்தறிவு வகுப்புகளுக்குப் பாடப்பொருள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. நன்கொடையாக வரும் பெட்டிகளைப் பிரித்தால் பெரும்பாலும் மழலையர் புத்தகங்கள்தான். கொடுப்பவர் மனத்தில் குறையில்லை. எழுத்துத் தெரியாதவரை ஒரு குழந்தையாகவே நினைத்துவிடுகிறார். கடன் அடைத்து, குடும்பம் நடத்தி, பிள்ளைகளைக் கரையேற்றிய ஒருவரிடம் அணில் படத்தை நீட்டினால் மறுநாள் அவர் வகுப்புக்கு வருவதில்லை. காரணமும் சொல்ல மாட்டார்.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் இதை அன்றே உணர்ந்திருந்தார். 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த முயற்சி அவருடையது. கற்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே அவருடைய பாடம் தொடங்கும். இன்றைக்கு அந்த இடத்தில் மாத்திரை அட்டை, வங்கிப் படிவம், மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை எல்லாவற்றையும் வைக்கலாம்.

மாத்திரை அட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவி மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்தார். காலாவதித் தேதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அட்டையைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்தில் சாய்த்தார். வெள்ளெழுத்து! நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். மந்தமாகப் படிக்கிறார் என்று நாம் முடிவுகட்டும் பலருக்கு முதலில் வேண்டியது கண்ணாடி. அதனால் பெரிய எழுத்தும் வரிகளுக்கு இடையே தாராளமான இடைவெளியும் உள்ள புத்தகங்களையே முதலில் எடுத்துவைக்கிறேன்.

ஆங்கிலம் கற்க வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. தாய்மொழியில் சரளமாகப் படிப்பவருக்கு இருமொழி அகராதியும் ஒலிப்பதிவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அகராதியால் என்ன பயன்? பேனா பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். போதாக்குறைக்கு, 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுதும் மொழி அது. இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்து ஒரே வகுப்பில் உட்காரவைப்பது நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவுதான்.

உலகில் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்கிறது யுனெஸ்கோ. அவர்களில் தாய்மார்களுக்கு இருக்கும் பெரிய ஏக்கம், பிள்ளைக்குப் படித்துக்காட்ட முடியவில்லையே என்பது. இவர்களுக்கு நான் சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகங்களைக் கொடுப்பேன். மழலையர் புத்தகத்துக்கு உரிய இடமும் இதுதான். தாய் தன் மொழியில் கதை கட்டுகிறார், பிள்ளை கேள்வி கேட்கிறது, பக்கம் புரள்கிறது. வீட்டில் அரைகுறை ஆங்கிலம் பேசியாக வேண்டும் என்று அவர்களை விரட்டும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. தாய்மொழியில் வளமாகப் பேசிக் கேட்ட குழந்தைக்கு அடுத்த மொழியும் கைகொடுக்கும்.

உதவ நினைப்பவர்கள் பெட்டி கட்டும் முன் வகுப்பு நடத்துபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துத் தலைப்புகளில் ஒவ்வொரு பிரதி வருவதைவிட, ஒரே தலைப்பில் பத்துப் பிரதிகள் வந்தால் வகுப்பே சேர்ந்து படிக்கும். விடை எழுதி நிரப்பிய பயிற்சி ஏடுகளையும் பல பாகக் கலைக்களஞ்சியங்களையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அவற்றை அடுக்க எங்களிடம் அலமாரி இல்லை.