நூற்றுக்கு ரெண்டு வட்டியை ஒருக்கா எக்செலில் போட்டுப் பாருங்கள்

"நூற்றுக்கு ரெண்டு வட்டிதான் சேர், வருசத்துக்கு இருபத்திநாலு." கடன் பத்திரத்தோடு வருகிறவர்களில் அநேகர் இப்படித்தான் சொல்வார்கள். மட்டக்களப்பில் சிறு கடைகளுக்கும் தையல் நிலையங்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். வட்டி வீதத்தை விட்டுவிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு இலட்சம் ரூபா, 12 மாதத் தவணை என்று வைப்போம். வட்டி 24,000 சேர்த்து மாதம் 10,333 ரூபா கட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு தவணையிலும் முதலும் கரைகிறது. கடைசி மாதம் உங்களிடம் மிஞ்சியிருக்கும் முதல் எட்டாயிரம் சொச்சம்தான். வட்டியோ அப்போதும் முழு இலட்சத்துக்கே அறவிடப்படுகிறது. பிளாட் வட்டி என்கிறார்களே, அது இதுதான்.

வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்க எக்செலில் ஒரு பெட்டியில் =ரேட்(12,-10333,100000) என்று போடுங்கள். எத்தனை தவணை, ஒரு தவணை எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்பதுதான் வரிசை. ரேட் என்பதை ஆங்கில எழுத்தில் (RATE) அடிக்க வேண்டும். கைக்கு வரும் காசு கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல். இரண்டையும் ஒரே குறியில் போட்டால் பிழைச் செய்திதான் வரும். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: விடையைப் பெரும்பாலும் தசமம் இல்லாமல் 3 சதவீதம் என்றே எக்செல் காட்டும். தசமத்தைக் கூட்டிப் பார்த்தால் 3.47. இது மாத வீதம். மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்த்து ஆண்டுக்கு மாற்றினால் 50 சதவீதத்தைத் தாண்டும். உண்மையாகவே குறைந்துசெல்லும் மீதிக்கு 24 சதவீதம் என்றால் தவணை 9,456 ரூபாதான் வர வேண்டும். தவணையைக் கணக்கிடுவதற்கு பிஎம்டி (PMT) என்ற சூத்திரம் இருக்கிறது.

பத்திரச் செலவு, காப்புறுதி என்று 3,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 97,000 கையில் தந்தார்களா? சூத்திரத்திலும் 97000 என்றே போடுங்கள். மாதம் 4 சதவீதம், ஆண்டுக்கு 60 என்று ஏறிவிடும். கழித்த காசு சின்னத் தொகைதான். அதைத் தொடக்கத்திலேயே எடுத்ததுதான் விசயம்.

நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 சதவீத உச்சவரம்பை மத்திய வங்கி 2018 இல் கொண்டுவந்தது. அது இப்படி ஆண்டுக்கு மாற்றிய வீதம். ஒரு வருடக் கடனில் பிளாட் வட்டி 17 சதவீதத்தைத் தொடும்போதே அந்த எல்லை வந்துவிடுகிறது. 35ஐயும் பிளாட் 24ஐயும் பக்கத்தில் வைத்து, குறைவுதானே என்று ஆறுதல் படுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், அவர்கள் மீது அல்ல.

வேளாண்மைக்காரருக்குத் தவணை கிடையாது, அறுவடையில் ஒரே கட்டு. சம்மாந்துறைப் பக்கம் ஒருவர் பெரும்போகத்துக்கு உரமும் மருந்தும் கடனுக்கு எடுக்கிறார் என்று வைப்போம். உடன் காசுக்கு 60,000. நாலு மாதம் கழித்து, வெட்டியபின் 69,000. "ஒன்பதாயிரம்தானே" என்று தோன்றும். இடையில் தவணை இல்லாததால் அந்த இடத்தில் 0, முடிவில் கட்டுவதைக் கடைசியில் என்று =ரேட்(4,0,60000,-69000) போட்டால் மாதம் 3.56 சதவீதம், ஆண்டுக்கு 52. நகையை அடகு வைத்து மாதம் ஒன்றரை வீதத்துக்கு அதே 60,000ஐ எடுக்க முடிந்தால் நாலு மாத வட்டி 3,600 ரூபாதான். நகை அடகு போவதை வீட்டில் யாரும் விரும்ப மாட்டார்கள், சரி. ஆனாலும் அந்த மனக்கஷ்டத்துக்கு விலை 5,400 ரூபா என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

கிழமைக் கடன் என்றால் 12க்குப் பதிலாகக் கிழமைகளின் எண்ணிக்கையைப் போடுங்கள். வருவது கிழமை வீதம், அதை 52 கிழமைக்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். எக்செல் இல்லாவிட்டால் போனில் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஷீட்ஸிலும் இதே சூத்திரம் வேலை செய்யும். கையெழுத்துப் போடுவதற்கு முதல் மூன்றே மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: கையில் தரும் தொகை, ஒரு தவணை, எத்தனை தவணை.