ஒரே தட்டில் வேகும் இறைச்சியும் காயும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கிரேக்கர்கள் 'ப்சாரோநெஃப்ரி' என்றழைக்கும் பன்றியின் உள்முதுகுத் தசை, கொழுப்பு குறைந்த, மிக மென்மையான துண்டு. ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஆரிகனோ தடவி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், வெங்காயத்துடன் அதை ஓவனில் சுடுவது எளிய இரவுணவுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி உள்ளே தள்ளினால், கிழங்கு வேகும் நேரத்தில் இறைச்சி சக்கையாகிவிடும்.

இறைச்சியில் மாறுவது புரதம். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் மயோசின் என்னும் தசைப்புரதம் இறுகத் தொடங்குகிறது. 66 டிகிரியைத் தாண்டினால் ஆக்டின் என்னும் மற்றொரு புரதமும் இறுகி, தசையிழைகள் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. காயிலோ, செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் இளக வேண்டும். அது 85 டிகிரியை நெருங்கினால்தான் கரையத் தொடங்கும். ஆகவே கிழங்கை அரை மணி நேரம் முன்னதாக ஓவனில் வைப்பதே முறை.

அமிலம் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். புளியை முதலிலேயே விட்டால் காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதனால்தான். இறைச்சியிலும் எலுமிச்சைச் சாறு அவசரப்படக் கூடாது. 1912இல் லூயி கமில் மெய்யார் விவரித்த, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து மணமும் பழுப்பும் தரும் மாற்றம், 140 டிகிரி அளவில்தான் வேகம் பிடிக்கும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, அமிலமும் அவ்வினையை மந்தமாக்கும். எனவே துண்டை நன்கு துடைத்து, சூடான வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டிய பிறகே காய்கள்மேல் வைக்க வேண்டும்.

பன்றி இறைச்சியை வறண்டுபோகும்வரை வேகவைக்கும் பழக்கத்துக்கு, டிரிக்கினெல்லா என்னும் ஒட்டுண்ணிப் புழு குறித்த அச்சம் முக்கியக் காரணம். அமெரிக்க வேளாண் துறை 2011இல், முழுத் துண்டுகளின் உட்பகுதி எட்டவேண்டிய குறைந்தபட்ச வெப்பநிலையை 71 டிகிரியிலிருந்து 63 டிகிரியாகக் குறைத்து, மூன்று நிமிடம் ஆறவிடச் சொன்னது. கண்ணை நம்புவதைவிட வெப்பமானியை நம்பலாம். அந்த அளவில் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கும். துண்டு ஆறும்போது தட்டில் கசியும் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்து, இளகிவிட்ட கிழங்கின்மேல் ஊற்றிக்கொள்ளலாம்.