ரங்கோன் மழையில் மேசை ஏன் பெருக்கிறது?

ரங்கோனில் ஆடி பிறந்தால் மேசை டிராயர் திறக்காது. மாசியில் அதே டிராயர் ஒற்றை விரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆசாரி அளவு பார்க்காமல் செய்துவிட்டார், சட்டம் வளைந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நடந்தது இவ்வளவுதான்: காற்றில் இருந்த தண்ணீரை மரம் குடித்துப் பெருத்துவிட்டது. வீட்டில் ஒரு மூலையை ஆபீஸாக்கலாம் என்று மேசை நாற்காலி வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறம், டிசைன், விலை எல்லாம் பார்க்கிறார்கள். சரி, பார்க்கட்டும். ஆனால் நம் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சாமான் தண்ணீரை எப்படித் தாங்கும் என்பதுதான்.

வெட்டி எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். மரநாரின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது, அந்த இழைகளுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 9 சதவீதத் தண்ணீரோடு நிற்கும். ஈரப்பதம் 85 ஆனால் அது 17 சதவீதத்தைத் தாண்டும். ரங்கோனில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிறது, அந்த மாதங்களில் 85 சர்வ சாதாரணம்.

பெருப்பது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. நாரின் நீளவாக்கில் மரம் அசைவதே தெரியாது, குறுக்கேதான் விரியும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் 9 சதவீதத்திலிருந்து 17 ஆனால், அகலம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கூடும். அதே அகலத்தில் சிவப்பு ஓக் என்றால் 17, 18 மில்லிமீட்டர் வரை போகும். இது பலகையின் நடுவரை ஈரம் ஏறினால் வருகிற கணக்கு, அதற்குப் பல வாரம் பிடிக்கும். நம் மழைக்காலமோ ஐந்து மாதம்.

இன்னொரு விஷயம், கடைக்காரர் சொல்ல மாட்டார். பலகையின் முனையைக் குனிந்து பாருங்கள். அங்கே மரம் வளர்ந்த வளையங்கள் வெட்டுப்பட்டுத் தெரியும். அவை மேசைப் பரப்புக்குப் படுக்கையாக, வில் மாதிரி ஓடினால் நான் சொன்ன 9 மில்லிமீட்டர். நெட்டுக்குத்தாக நின்றால் பாதிதான், 5 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரே மரம், அறுத்த விதம்தான் வேறு. நெட்டுக்குத்தாக அறுத்தால் கழிவு அதிகம் என்பதால் விலையும் கூடத்தான் இருக்கும்.

தேக்கு ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது? அதன் வைரத்தில், அதாவது நடுவிலிருக்கும் கெட்டி மரத்தில், எண்ணெயும் பிசினும் ஊறிக் கிடக்கின்றன, தண்ணீர் சுலபமாக நுழைவதில்லை. டெக்டோகுவினோன் என்ற ஒரு வேதிப்பொருளும் உண்டு; கரையானுக்கு அது ஆகாது. மாண்டலே பக்கம் அமரபுராவில் 1850 வாக்கில் கட்டிய ஊ பெயின் பாலத்தின் தேக்குக் கால்கள் இத்தனை காலமாக ஏரித் தண்ணீரில் நிற்கின்றன, சிலவற்றைத்தான் பிற்பாடு கான்கிரீட்டாக மாற்றினார்கள். ஆனால் இந்தப் பெருமையெல்லாம் வைரத்துக்கு மட்டும். வெளிப்பக்கம் வெளுத்திருக்கும் வெளிறுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, தேக்காகவே இருந்தாலும் கரையான் ருசித்துச் சாப்பிடும். காரைக்குடி வீடுகளில் தூண் தூணாக நிற்கிற பர்மாத் தேக்கு, வைரம் பாய்ந்த பழைய காட்டு மரம். இன்று கடையில் "ஒரிஜினல் தேக்கு" என்று தருவதில் தோட்டத்து இளமரமும் வெளிறும் கலந்திருக்கும், பாலிஷ் போட்ட பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே யாரும் சாயம் பூச மெனக்கெடுவதில்லை.

அடிப்பக்கம் என்றதும் ஒன்று. மேலே மட்டும் வார்னிஷ் பளபளத்து, கீழே பூச்சில்லாத வெறும் பலகையாக இருந்தால் அந்த மேசையை வாங்காதீர்கள், அல்லது வாங்கிக் கீழேயும் இரண்டு கை அடித்துவிடுங்கள். வார்னிஷ் ஈரத்தைத் தடுக்காது, வேகத்தைத்தான் குறைக்கும். ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் குடித்தால் பலகை கிண்ணம் போட்டு வளையும்.

இனி துகள் பலகை, அதாவது பார்ட்டிகிள் போர்டு. இறக்குமதி மேசைகளில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு. மரத்தூளையும் சில்லையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினில் குழைத்து, சூட்டோடு அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். அவலை நினைத்துக்கொள்ளுங்கள்: இடித்துத் தட்டையாக்கிய நெல்லரிசி, நனைத்தால் ஊதும், காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. துகள் பலகையும் அப்படியே. சில்லுகள் அழுத்தத்தை உதறிக்கொண்டு எழும்பும், ஈரத்தில் பிசினும் சிதையும், ஆணித் துளை தளர்ந்து திருகாணி கையோடு வரும். தேக்கு மழையில் பெருத்துக் கோடையில் இளைக்கும், இது பெருக்க மட்டுமே தெரிந்த ஜாதி. தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. 120க்கு 60 அளவில் இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் தேக்குப் பலகை 12 கிலோ வரும், துகள் பலகையும் ஏறக்குறைய அவ்வளவேதான். லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடிக்குத் தூக்குகிறவருக்கு இரண்டும் ஒன்றே. விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டைதான் அதன் உயிர், அது ஒரு இடத்தில் பிரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிவதும் உண்டு. சூடும் ஈரமும் கூடக் கூடக் கசிவும் கூடும், கதவைச் சாத்தி நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற அறைக்கு இது நல்லதல்ல.

தேக்குக்குப் பணம் கட்டாது என்றால் என் தேர்வு நல்ல பிளைவுட். அடுக்கடுக்காக நாரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தாங்கும் பீனாலிக் பிசினில் ஒட்டியதுதானா என்று கேட்டு வாங்குங்கள், வெட்டுமுகத்தில் பசைக் கோடு கருப்பாகத் தெரியும். ரப்பர் மரமும் மோசமில்லை, அதிகம் அசையாது. பூசணமும் பூச்சியும்தான் அதன் எதிரி, போரான் மருந்து ஏற்றியதாக இருக்கட்டும்.

அடிக்கடி கரண்ட் போகிற விஷயத்துக்கு வருவோம். ஏசி ஓடும்போது இரும்பு மேசையும் கண்ணாடிப் பரப்பும் 23 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். கரண்ட் போனதும் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறப்போம். மழைக்காலத்து வெளிக்காற்று 25 டிகிரி வாக்கில் குளிர்ந்தாலே தண்ணீரை உதிர்க்கத் தொடங்கிவிடும், ஆக அந்தக் குளிர்ந்த இரும்பின் மேல் பொடிப்பொடியாக வியர்க்கும். தினம் இரண்டு மூன்று முறை இப்படி நனைந்து காய்ந்தால் திருகாணித் தலைகளில்தான் முதலில் துரு பிடிக்கும். கரண்ட் போன முதல் அரை மணி ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம் (இருக்க முடிகிறதா என்பது வேறு விஷயம்).

நாற்காலியிலும் இதே தண்ணீர்க் கதைதான். தோல் மாதிரி மின்னுகிற பாலியூரித்தேன் உறை இரண்டு மூன்று வருடத்தில் சொறி பிடித்த மாதிரி உரிந்து, சட்டை முதுகெல்லாம் கருப்புச் செதிலாக ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்து தேய்ந்ததால் மட்டும் வருவதல்ல அது. மலிவு உறைகளில் இருக்கும் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புகளை நீர் மூலக்கூறு வந்து வெட்டிவிடுகிறது, வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் உரியும். வலைத்துணி முதுகு வைத்த நாற்காலி இங்கே எவ்வளவோ மேல். பழைய பிரம்பு நாற்காலி வீட்டில் கிடந்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள், பின்னல் தொய்ந்திருந்தால் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காற்றில் காயவிடுங்கள், காயும்போது சுருங்கி இறுகும். முதுகு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானமில்லாமல் உட்காரும்போதுள்ள அழுத்தம், பின்னால் சாய்ந்தால் குறைகிறது என்பது இந்த வகை அளவீடுகளில் தெரிந்த விஷயம்.

கடைசியாக உயரம். கடை மேசைகள் 73, 75 சென்டிமீட்டர் நிற்கும், ஆறடி ஆளுக்குச் சரி. ஐந்தேகால் அடி உயரமுள்ளவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால் முழங்கை 62 முதல் 65க்குள் வரும், மேசையும் அந்த மட்டத்தில் இருந்தால்தான் தோள் தூக்காமல் டைப் பண்ண முடியும். இரும்புக் கால் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, பாதத்துக்குக் கீழே பலகை போட்டு நாற்காலியை ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். மரக்கால் என்றால் ஆசாரியிடம் சொல்லி அறுத்துவிடலாம். அறுத்த முனையில் நாரின் வாய்கள் திறந்து நிற்கும், மரம் மிக வேகமாகத் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான், வீடு துடைக்கிற ஈரமும் தினம் அங்கேதான் படும். அதனால் மேசையை நிமிர்த்தி வைப்பதற்கு முன்னால் நான்கு முனையிலும் வார்னிஷை ஊற ஊற இரண்டு மூன்று தடவை பூசச் சொல்லுங்கள்.