மெத்தைக்குள் தக்காளி வேர்

"அகதி முகாம் ஒன்றில் பழைய மெத்தையில் தக்காளி வளர்க்கிறார்களாமே, மண்ணே இல்லாமல் அது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் சொல்வது ஜோர்டானில் இருக்கும் ஸாத்தரி முகாமை.

2012 ஜூலையில் திறந்த முகாம் அது. சிரியா எல்லை அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வருடக்கணக்கில் அங்கே வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் சிரியாவின் தாரா பகுதியிலிருந்து வந்தவர்கள். தலைமுறைகளாகப் பயிர் வைத்த குடும்பங்கள் அதில் நிறைய. ஆனால் முகாம் நிலம் உப்பேறிய பாலை. மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. உப்பு கூடிய பக்கத்துக்கே தண்ணீர் இழுபடும், பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான் காரணம். போதாக்குறைக்கு, ஜோர்டான் உலகிலேயே தண்ணீர்த் தட்டுப்பாடு மிக அதிகமான நாடுகளில் ஒன்று.

தண்ணீருக்குத்தான் பஞ்சம், தேய்ந்துபோன ஃபோம் மெத்தைகள் மலையாகக் கிடந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் டோனி ரயன் என்ற பாலிமர் வேதியியலாளரும் டங்கன் கேமரான் என்ற தாவரவியலாளரும் ஃபோமில் செடி வளர்ப்பதை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதை முகாமின் விவசாயிகளோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். வேண்டாத பெட்டிகளில் மெத்தைத் துண்டுகளை அடைத்து, சத்துக் கரைசல் ஊற்றி, நாற்று நட்டார்கள். தக்காளி, மிளகாய், கத்தரி வந்தன. தேநீருக்குப் புதினாவும் வந்தது. மண்ணில் பயிரிடுவதைவிட 70 முதல் 80 சதவீதம் தண்ணீர் மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு.

சரி, மெத்தையில் அப்படி என்ன இருக்கிறது?

வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூச்சு விடக் காற்றும் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது எட்டு மில்லிகிராம்தான். அதுவும் தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. தேங்கிய நீரில் வேர் அழுகுவது இதனால்தான். நல்ல மண் என்பது தண்ணீரையும் காற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் மண்.

ஃபோம் அதையே செய்கிறது. மெத்தை ஃபோமின் பொருளான பாலியூரித்தேன் தயாராகும்போது உள்ளே கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் பொங்குகின்றன. பொருள் இறுகும் தருணத்தில் குமிழிச் சுவர்கள் கிழிந்துபோக, கம்பிக்கூடு போன்ற சட்டங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அதனால் ஒவ்வோர் அறையும் பக்கத்து அறைக்குத் திறந்திருக்கிறது. தண்ணீர் போகும், காற்று போகும், வேரும் போகும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். சமையலறை ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். இப்போது அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும்! அதே ஸ்பாஞ்ச், அதே துளைகள். மாறியது உயரம் மட்டும். பரப்பு இழுவிசையால் ஒரு துளை தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. நன்றாக நனையும் பொருளில் 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளை 15 சென்டிமீட்டர்வரை தாங்கும். ஒரு மில்லிமீட்டர் ஆரமானால் ஒன்றரை சென்டிமீட்டர்தான். அந்த உயரத்துக்குக் கீழே எல்லாத் துளைகளிலும் நீர் நிற்கும். மேலே போகப் போகப் பெரிய துளைகள் காலியாகிக் காற்று நுழையும். ஆக, பெட்டியின் அடியில் தண்ணீர்க் கிடங்கு, மேலே மூச்சறை. செடி தனக்கு வேண்டிய இடத்தை நோக்கி வேரை விடுகிறது.

இது புரிந்தால் மாடித்தோட்டக்காரர்களின் ஒரு நம்பிக்கையையும் கைவிடலாம். தண்ணீர் வடிய வேண்டும் என்று தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்புகிறோம் அல்லவா? நுண்துளை மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈர அடுக்கு நிற்கும். நாம் செய்தது, அந்த அடுக்கை வேருக்கு இன்னும் அருகில் தூக்கி வைத்ததுதான். துளையை மறைக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும்.

ஃபோம் வேதியியலுக்குப் பணம் கேட்டவர் எவரும் விண்ணப்பத்தில் "அகதிகளுக்குத் தக்காளி" என்று எழுதியிருக்க மாட்டார். அடிப்படை ஆய்வு எங்கே போய்ப் பயன்படும் என்று முன்கூட்டியே கேட்பது தவறான கேள்வி என்பது என் உறுதியான கருத்து. 2021இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. ஏழை நாடுகளோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்கான பணமும் அதில் அடிபட்டது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாசகரின் கடைசிக் கேள்வி: வீட்டு மெத்தையில் செய்யலாமா? முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் திறந்த ஃபோம். தெர்மாகோல் உதவாது, அதன் அறைகள் மூடியவை. ஃபோமில் சத்து எதுவும் கிடையாது. தழை, மணி, சாம்பல் சத்தோடு நுண்சத்துகளையும் நீங்கள்தான் கரைத்து ஊற்ற வேண்டும். அப்புறம், வெயில் பட்டால் பாலியூரித்தேன் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். செடியின் தண்டுக்கு மட்டும் இடம் விட்டு, மேற்பரப்பைக் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். பாசியும் பிடிக்காது.