குதிக்கிற சைக்கிளை நம்பி மலை இறங்காதீர்கள்

மறுபடியும் ஒரு டபுள் ஷாக்கர் சைக்கிள் கடைக்கு வந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் பின்னால் மடங்கி, சக்கரம் ஃபிரேமில் உரசிக்கொண்டு நிற்கிறது. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டச் சரிவில் இறங்கிய கல்லூரிப் பையனுடையது. அவன் வலது கையில் மாவுக்கட்டு. கூட வந்த அப்பா, "இத நிமித்தித் தர முடியுமா?" என்று கேட்டார். முடியாது. வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி யாருக்கும் கொடுக்க மாட்டேன், எத்தனை பேர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. அடுத்து பையன் கேட்டதுதான் எரிச்சலைக் கிளப்பியது. "அண்ணே, ரெண்டு பக்கமும் ஷாக் இருக்கே, அப்புறம் எப்படித் தூக்கிப் போட்டுது?"

நாகர்கோவிலில் கடை போடும் முன் சில கோடைக்காலம் ஆஸ்திரியாவில், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு வாடகை சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தேன். பனிக்காலத்தில் சறுக்குக்காரர்களை ஏற்றுகிற லிஃப்ட், கோடையில் சைக்கிளை ஏற்றும். மேலே போய் இறங்குவார்கள், மறுபடி ஏறுவார்கள். நம் மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் அந்தப் பக்கம் போயிருக்கிற பிள்ளைகளும் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இந்தப் பையன் கேட்டதுதான்.

கடைக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக சீட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்ப்பார்கள். துள்ளி எழுந்தால் முகம் மலர்ந்துவிடும். "ஷாக் சூப்பரா வேல செய்யுது!" மக்களே, அது வேலை செய்யவில்லை, குதிக்கிறது. ஸ்பிரிங் தான் வாங்கின அடியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்படியே திருப்பித் தரும். சமதளத்தில் அந்தத் துள்ளல் சுகமாக இருக்கும். செங்குத்தான இறக்கத்தில் உங்கள் எடை ஏற்கெனவே ஹேண்டில்பார் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நேரம் பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்க, அமுங்கின ஸ்பிரிங் பின்புறத்தை மேலே எற்றும். நீங்கள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போவீர்கள். பையனைத் தூக்கிப் போட்டது அதுதான்.

துள்ளலை அடக்குவது டேம்ப்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி, அடியின் வேகத்தை வெப்பமாக்கிவிடும். ஷாக் நிதானமாக எழும். பதினைந்தாயிரம் ரூபாய் டபுள் ஷாக்கரில் பெரும்பாலும் சுருள் கம்பி மட்டும்தான் இருக்கும், டேம்ப்பர் கிடையாது. கண்டுபிடிப்பது சுலபம். சீட்டை நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். எழுந்ததும் இரண்டு மூன்று ஆட்டம் ஆடினால், அதை மலைப்பக்கம் கொண்டு போகாதீர்கள். டேம்ப்பர் உள்ளதில் ரீபவுண்டுக்கு, அதாவது ஷாக் எழும் வேகத்துக்கு, ஒரு திருகு இருக்கும், அனேகமாகச் சிவப்பு நிறத்தில். அதைத் திருப்பினால் எழும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறவேண்டும். மாறாத திருகு வெறும் அலங்காரம். அதையும் பார்த்திருக்கிறேன்.

டபுள் ஷாக்கர் கெட்ட சைக்கிள் என்று சொல்லவில்லை. கோட்டாறு, வடசேரி ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போகட்டும். ஆனால் அதே காசுக்குப் பின்னால் ஷாக்கே இல்லாத நல்ல ஹார்ட்டெயில் வாங்கினால் எடையும் குறையும், இணைப்புகளில் ஆட்டமும் வராது.

சரி, ஆல்ப்ஸுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தன மில்லி டிராவல்?" டிராவல் என்றால் ஷாக் அமுங்கும்போது சக்கரம் மேலே எழும் தூரம். அதிகம் இருந்தால் நல்லது என்று நினைப்பு. 200 மி.மீ. டவுன்ஹில் சைக்கிள் லிஃப்ட் இருக்கிற இடத்துக்கு மட்டும்தான். அதில் மிதித்து ஏற முடியாது, லிஃப்ட் நிற்கும் நேரத்தில் நீங்கள் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். பிரான்சில் 1995 முதல் நடக்கும் மெகாவலாஞ்ச் போட்டி, சுமார் 3,300 மீட்டர் உயரத்துப் பனியில் புறப்பட்டு, இரண்டாயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேல் இறங்கி முடியும். அதிலேயே 150 முதல் 170 மி.மீ. வரையுள்ள, மிதித்து ஏறவும் வேகமாக இறங்கவும் ஏற்ற எண்டியூரோ வகைதான் அதிகம். ஜெர்மன் பேசும் நாடுகளில் பாதைகளை சுலபமான எஸ்-0 முதல் மிகக் கடினமான எஸ்-5 வரை தரம் பிரிப்பார்கள். எஸ்-2 வரைக்கும் 140, 150 தாராளம். எஸ்-3 என்று போட்டிருந்தால் 160க்குக் குறையாமல் பாருங்கள். ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம், 63 முதல் 65 டிகிரிக்குள் இருக்கட்டும். முன்சக்கரம் தள்ளி நின்றால்தான் செங்குத்தில் தைரியம் வரும்.

டிராவல் எண்ணுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை பிரேக்குக்குக் காட்டுங்களேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 9 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் மிச்சம் முழுக்க பிரேக் தலையில்தான். லிஃப்டில் ஏறி ஏறி இறங்கினால் ஒரே நாளில் 5,000 மீட்டர் சாதாரணம். அதனால் நாலு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக், இரண்டு பக்கமும் 200 மி.மீ. டிஸ்க். இதில் பேரம் இல்லை. இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், டிஸ்க் ஆறட்டும். மழையில் மண்ணோடு அரைபட்டு ஒரே நாளில் தீர்ந்துபோன ஆர்கானிக் (மென்மையான வகை) பிரேக் பேடுகளை அந்தப் பட்டறையில் நிறையக் கழற்றியிருக்கிறேன். மாற்று பேட் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். மினரல் ஆயில் ஊற்றவேண்டிய பிரேக்கில், மோட்டார் பைக் மெக்கானிக்கிடம் கொடுத்து டாட்-4 என்கிற மோட்டார் வண்டி பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள். உள்ளே ரப்பர் சீல் உப்பி, லீவர் திரும்ப வராமல் சிக்கும். எந்த ஆயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். போன மாதமும் ஒன்று இப்படி வந்தது.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு விஷயம். அங்கே வாடகைக்கோ பழையதாகவோ கிடைக்கிற சைக்கிளின் ஸ்பிரிங் 80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போட்டது. நம் பிள்ளை 58 கிலோ இருந்தால் ஷாக் சரியாக அமுங்காது. கொடுத்த காசு வீண். காற்று ஷாக் என்றால் பிரஷரை எடைக்குத் தகுந்த மாதிரி வைக்கலாம். ஹெல்மெட், பை எல்லாம் மாட்டி பெடலில் ஏறி நில்லுங்கள். ஷாக் ஓடுகிற தூரத்தில் பின்னால் 30 சதவீதம், முன்னால் 20 சதவீதம் அமுங்கவேண்டும். பின் ஷாக் 60 மி.மீ. ஓடும் என்றால் 18 மி.மீ. அதில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தள்ளிவைத்து அளந்தால் தெரிந்துவிடும். இதற்குத் தனிப் பம்ப் வேண்டும், டயர் பம்ப் உதவாது. உயரம் குறைவானவர்கள் முன்னால் 29, பின்னால் 27.5 இஞ்ச் சக்கரம் உள்ளதைப் பாருங்கள். செங்குத்தில் பின்னால் சாயும்போது டயர் உங்கள் பின்புறத்தில் எளிதில் உரசாது. சீட்டை லீவரில் இறக்கும் டிராப்பர் போஸ்ட் இல்லாததை வாங்கவே வேண்டாம்.

பழையது வாங்கினால் சீட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள், இணைப்பில் 'டக்' என்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. ஃபோர்க்கின் பளபளக் குழாயில் நகம் தடுக்கும் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் பக்கத்தில் பெயின்ட்டில் கோடு தெரிந்தாலும் அப்படியே. முதல் வருடம் வாடகைக்கு எடுப்பதே புத்தி. முகம் மூடிய ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை. இதற்கெல்லாம் விளக்கம் சொல்லப்போவதில்லை.

ஊருக்குக் கொண்டுவந்தால் உப்புக் காற்று போல்ட்டைத் தின்னும். முட்டம், குளச்சல் பக்கம் இருப்பவர்கள் வாராவாரம் துடைத்து கிரீஸ் போடுங்கள். காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், தோட்டத்துக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். மழை பெய்த மறுநாள் ரப்பர் தோட்டத்தில் இறங்காதீர்கள். மேலே காய்ந்த இலை கிடக்கும், அடியில் வழுக்கும். விடியற்காலையில் பால் வெட்டுகிற அக்காமார், அண்ணன்மார் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் வாளியோடு வருவார்கள். வளைவுக்கு முன்னாலேயே மணி அடித்து, அவர்கள் ஒதுங்கும் வரை நின்று போங்கள்.